குருதியில் வெண்பொங்கல்

என் குருதியின் நீர்ப்பகுதியை நான் முதன்முதலாகக் கண்டபோது அது மோரின் நிறத்தில் இருந்தது. கிரிவலப் பாதையில் ஈசான்ய லிங்கத்துக்கு அருகிலுள்ள ஒரு பரிசோதனை நிலையத்தின் பின்னறையில், ஆவணிப் பௌர்ணமியின் முற்பகலில், என் தங்கை அந்தக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயின் அடியில் செந்நிறம் படிந்திருந்தது. அதற்கு மேல் தெளிந்திருக்க வேண்டிய நீர் வெளுத்துக் கலங்கியிருந்தது. அன்று விடியலில் என் கையிலிருந்து எடுத்த குருதியின் குழாயும் பக்கத்தில் இருந்தது. அதன் நீர் வைக்கோல் ஊறிய தண்ணீரைப் போன்ற இளமஞ்சளில், பின்னாலிருந்த சுவரின் விரிசல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. தங்கை அடுத்தவரின் குழாயை எடுத்தாள். விடியலுக்குரியது மஞ்சள், முற்பகலுக்குரியது மோர். அதற்கடுத்ததும் அப்படியே. வரிசை முழுவதையும் பார்த்து முடித்த பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள்.

இன்று அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அவள் இந்த ஊரில் தங்குவாளா, மறுபடியும் பெட்டி கட்டுவாளா என்பது அந்தக் குழாய்களைப் பொறுத்திருந்தது.

என் தங்கை உயிர்வேதியியல் கற்றவள். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் எதை உண்கின்றன, உண்பது மாறினால் அவற்றின் குணம் எப்படி மாறுகிறது என்பது அவளுடைய துறை. பல ஆண்டுகள் பிறருடைய ஆய்வகங்களில், பிறருடைய கேள்விகளுக்கு விடை தேடியவள். குளிர்நாடு ஒன்றில் இருந்தாள், ஐதராபாத்தில் இருந்தாள். ஒருநாள் இரண்டு பெட்டிகளோடு வேங்கிக்காலில் என் வீட்டு மாடிக்கு வந்து, இனித் தன் கேள்வியைத் தானே கேட்கப் போவதாகச் சொன்னாள். வேலூரில் அவளுக்கு அறிமுகமான ஆய்வகத் தலைவர் ஒருவர் ஒரு வாய்ப்பளித்தார். ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வு செய்து, எடுக்கும் குருதி பழுதில்லாமல் இருப்பதைக் காட்டினால், பெரிய ஆய்வுக்கான திட்டத்தை அவள் பெயரிலேயே அனுப்பலாம் என்றார். இல்லாவிட்டால் பெங்களூரில் ஒரு வேலை காத்திருந்தது. நல்ல வேலை; நல்ல சம்பளம்; வேறொருவருடைய கேள்வி.

நான் இங்குள்ள கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். பள்ளியில் நான் படித்த அறிவியலில் கொழுப்பு ஒரு பாடம், வெள்ளையணு வேறொரு பாடம். முன்னதில் கொழுப்பு பஞ்சகாலத்துக்குச் சேர்த்துவைத்த குதிர். பின்னதில் வெள்ளையணு வாளேந்திய படைவீரன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. மாலைகளில் மாடிப்படியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது தங்கை சொல்லித்தான் அந்த இரண்டு பாடங்களும் இப்போது ஒன்றாகிவிட்டன என்பது எனக்குத் தெரியவந்தது. அணு எதை எரிக்கிறது என்பதே அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர்கள் எண்ணத் தொடங்கினார்களாம். சர்க்கரையை விரைந்து எரிக்கும் அணு சீறிச் சண்டையிடும். கொழுப்பை நிதானமாக எரிக்கும் அணு புண்ணை ஆற்றும். இரண்டே வரியில் அடங்கிய அழகான கருத்து. அடுத்த சில ஆண்டுகளில் அந்த அழகு குலைந்தது. சண்டையிடும் அணுவும் கொழுப்பைத் தொடுகிறது, ஆற்றும் அணுவுக்கும் சர்க்கரை வேண்டியிருக்கிறது என்று ஆய்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தன.

அணுவுக்குள் தங்கும் கொழுப்புத் துளிகளின் கதையும் அதைப் போன்றதே. முன்பு அவற்றை வெறும் மூட்டைகள் என்று நினைத்தார்கள். இப்போதோ, உள்ளே நுழைந்த கிருமியை எதிர்க்கும் புரதங்கள் சில அந்த மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து காவலிருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். தன் துறை நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லும்போதெல்லாம் தங்கையின் முகம் மலரும். எங்கள் துறையில் அப்படி நேர்ந்தால் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொள்வார்கள்.

அவளுடைய கேள்வி எளியது. வெறும் வயிற்றோடு நெடுநேரம் நடந்தால் உடலின் சேமிப்பிலிருந்து கொழுப்பு குருதிக்குள் இறங்கும். அதைக் கண்ட வெள்ளையணுக்கள் தம் உணவை மாற்றிக்கொள்கின்றனவா? மாற்றிக்கொண்டால் அவற்றின் சீற்றம் தணிகிறதா? இதற்கு மற்ற ஊர்களில் ஆள்களை ஓடுபொறியில் ஏற்றி நடக்கவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் செலவு இல்லை. மாதந்தோறும் பௌர்ணமியன்று ஊரே மலையைச் சுற்றி வருகிறது. ஒரே தூரம், ஒரே பாதை, வெறுங்கால். இவ்வளவு ஒழுங்கான ஆய்வுக்கூடத்தை எந்த நாட்டிலும் தான் பார்த்ததில்லை என்பாள்.

மாதம் தவறாமல் நடப்பவர்களைத் திரட்டும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர்களிடம் பேசுவதற்கு ஓர் உரையும் ஆயத்தம் செய்தேன். கொழுப்பின் வளர்சிதைமாற்றம் பற்றியும் நோயெதிர்ப்பு அணுக்களின் இயல்பு பற்றியும் சொல்லுக்குச் சொல் செதுக்கிய உரை. தங்கை அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “அக்கா, இதக் கேட்டா எல்லாரும் எழுந்து நின்னு கும்பிடுவாங்க. ரத்தம் மட்டும் குடுக்க மாட்டாங்க.” பிறகு அவளே பேசினாள். நடக்கும்போது உங்கள் உடம்பில் கொழுப்பு கரைகிறது, அதை உங்கள் ரத்தத்தில் இருக்கும் காவல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை, இரண்டு முறை ஊசி குத்துவேன், வலிக்கும் என்றாள். போதுமான பேர் கைதூக்கினார்கள்.

அவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பவர். எதையும் முறைப்படி கேட்பவர். முதல் நாள் இரவு எத்தனை மணிக்குமேல் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாமா, பல் துலக்கும் பசை கணக்கில் வருமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். மற்றவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த பெண்மணி. மழலையர் பள்ளி ஆசிரியை. வீட்டில் நிலமும் மாடும் உண்டு. வகுப்பில் சின்னஞ்சிறு பிள்ளைகளை அடக்கியாண்டு பழகிய குரல். தங்கையை அவர் மேடம் என்று அழைப்பார். அழைக்கும் விதத்தில் தங்கைதான் அவருடைய மாணவி போலிருக்கும்.

ஆவணிப் பௌர்ணமியன்று விடிவதற்கு முன் ஈசான்ய லிங்கத்தருகே கூடினோம். நானும் நடப்பவர்களில் ஒருத்தி. முதல் ஊசி முடிந்தது. தங்கை எல்லோரிடமும், திரும்பி வந்து இரண்டாவது ஊசி போடும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றாள். கண்காணிப்பாளர் அதை எல்லோர் சார்பிலும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். தங்கை பரிசோதனை நிலையத்திலேயே தங்கிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டினாள். நாங்கள் மலையை வலப்பக்கம் வைத்து நடந்தோம்.

நல்ல காலை அது. மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. செங்கம் சாலையில் வெளிநாட்டார் சிலர் எங்களோடு சேர்ந்து நடந்து, பின்தங்கி, தேநீர்க் கடையில் நின்றுகொண்டார்கள். தேநீரின் மணம் வந்தபோது கண்காணிப்பாளர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆசிரியை தம் வீட்டைக் கடக்கும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற மாமியார் நீட்டிய காப்பியைக் கையால் மறித்துவிட்டு வந்தார். யாரும் விரதத்தை முறிக்கவில்லை. எல்லோருக்கும் அதில் ஒரு பெருமிதம்கூட இருந்தது. முற்பகலில் திரும்பி வந்து, இரண்டாவது ஊசிக்குக் கை நீட்டினோம். தங்கையின் முகத்தில் அவ்வளவு ஒளி.

அதன் பிறகுதான் மோர்.

சற்று நேரம் கழித்துத் தங்கை முக்காலியிலிருந்து எழுந்து வெளியறைக்கு வந்தாள். நடந்து களைத்தவர்கள் பிஸ்கட்டும் தேநீருமாக உட்கார்ந்திருந்தார்கள். யாராவது வழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார்கள். ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொருவரும் இல்லை என்றார்கள். கண்காணிப்பாளருக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று மலையைக் காட்டிச் சொன்னார்.

தங்கை என்னை உள்ளே அழைத்தாள். நடப்பதனால் கரையும் கொழுப்பு இப்படி வெளுப்பாகத் தெரியாது என்று விளக்கினாள். அது புரதம் ஒன்றின் தோளில் ஏறிக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாமல் போகும். நீரைக் கலக்குவது குடலிலிருந்து புதிதாகக் கிளம்பி வந்த கொழுப்புதான். அதுவும் நெய்யோ எண்ணெயோ தாராளமாக உண்டிருந்தால்தான் இவ்வளவு கலங்கும். எல்லோரும் சேர்ந்து பொய் சொல்லும் கூட்டமில்லை இது என்பதும் அவளுக்குத் தெரியும். குழாயில் தப்பா, குருதியைச் சுழற்றிப் பிரிக்கும் பொறியில் தப்பா, தான் ஏதும் மாற்றி ஊற்றினாளா என்று குழம்பினாள்.

“நீயாவது உண்மையச் சொல்லுக்கா. இன்னா சாப்ட்ட?”

“ஒண்ணும் சாப்டலடி.”

“காப்பி?”

“இல்ல.”

அவள் என் வலக்கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். நெய்யும் மிளகும் மணத்தன. “இது இன்னா?”

“அது பிரசாதம்டி” என்றேன்.

தங்கை என் கையை விடாமல், முழுவதையும் சொல்லச் சொன்னாள். எம லிங்கத்தருகே ஒரு குடும்பத்தார் அண்டா நிறைய வெண்பொங்கல் வைத்துக்கொண்டு, வருவோர் போவோர் கையிலெல்லாம் தொன்னையைத் திணித்தார்கள். நெய் தொன்னையின் ஓரத்தில் வழிந்தது. அடி அண்ணாமலையில் புளியோதரை. வாயு லிங்கத்தில் சுண்டல். எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டே நடந்தோம். எங்களில் ஒருவருக்கும் உண்கிறோம் என்ற நினைவே எழவில்லை. நான் சொற்களை எடைபோட்டுப் பார்ப்பவள்; ஆயினும் இது சொல்லின் பிழை அன்று. கிரிவலப் பாதையில் ஒருவர் எதையாவது நீட்டினால் நம் கை தானாக நீள்கிறது. மாமியாரின் காப்பியை மறிக்கத் தெரிந்த கைக்கு அதை மறிக்கத் தெரியாது.

வெளியறைக்குச் சென்று தங்கை இதைச் சொன்னபோது கண்காணிப்பாளர் திகைத்துப்போனார். பிரசாதத்தையும் சேர்த்தா சொன்னீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். ஆசிரியை திகைக்கவில்லை. “சாமி பேர சொல்லி குடுக்கறத வேணாம்னு சொல்றதா மேடம்? அப்புறம் நான் எதுக்கு மலைய சுத்திகினு வரேன்?” என்றார். தங்கை தலையசைத்தாள். அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தான்.

எல்லோரும் வருத்தத்தோடு கலைந்த பிறகு வேலூருக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். ஆய்வகத் தலைவர் கடிந்துகொள்ளவில்லை. திட்டத்தை அனுப்ப இன்னும் ஒரு பௌர்ணமிக்கு இடமிருக்கிறது, அதற்கு மேல் இல்லை என்று மட்டும் சொன்னாராம். பெங்களூர்க்காரர்களும் புரட்டாசி முடிவதற்குள் விடை கேட்டிருந்தார்கள்.

அன்று பிற்பகல் நான் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எண்ணியபோது, தங்கை என் குருதியின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றிக்கொண்டிருந்தாள். கெட்டுப்போனதை ஏன் பார்க்கிறாய் என்றேன். கெட்டுப்போனதாகவே இருந்தாலும் பார்க்காமல் கொட்ட மனம் வரவில்லை என்றாள். பிறகு நுண்ணோக்கியை என் பக்கம் திருப்பினாள்.

முதலில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. அவள் ஒரு திருகைச் சிறிது அசைத்ததும், மங்கிய நீலத்தில் உருண்டையான ஓர் அணு துலங்கி வந்தது. அதற்குள் அவரை விதையைப் போல வளைந்த கரு. கருவைச் சுற்றிச் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள், யாரோ ஊசி முனையால் குங்குமம் இட்டதுபோல. அடுத்த அணுவிலும் புள்ளிகள். அதற்கடுத்ததில் இன்னும் நெருக்கமாக.

“இந்தச் செவப்பு எல்லாம் கொழுப்புக்கா” என்றாள். “எம லிங்கத்தாண்ட நீ வாங்கித் தின்ன பொங்கலு. உன் செல்லு அத எடுத்து உள்ள வெச்சிருக்கு.”

என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பொங்கலைக் கையில் திணித்த மனிதரின் முகம் எனக்கு நினைவிருந்தது. நெற்றி நிறைய திருநீறு, தோளில் ஈரத் துண்டு. அவர் கொடுத்தது சில மணி நேரத்தில் என் காவலணுக்களின் மடிக்குள் போயிருந்தது. அணு அதை எரிக்குமா, வைத்துக்கொண்டு வீங்குமா, அதனால் சீறுமா அடங்குமா என்று கேட்டேன். தங்கை முதன்முறையாக அன்று சிரித்தாள். அதைத்தான் உலகத்தில் பலர் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் இந்த அணுக்கள் சற்றுநேரம் துளிகளைச் சுமந்து திரிவது அறிந்த செய்தி. ஆண்டுக்கணக்கில் அப்படியே சுமந்தவை குருதிக்குழாயின் சுவரில் நுரைபோலத் தங்கிவிடுவதும் அறிந்ததே. நடந்துகொண்டே உண்பவரிடம் என்ன ஆகிறது என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. மலை சுற்றிக்கொண்டே பொங்கல் தின்பவர்கள் வேறு எந்த ஊரில் இருக்கிறார்கள்?

ஆனால் அதைக் கேட்பதற்கும் முதலில் உண்ணாமல் நடந்தவர்களின் குருதி வேண்டும். ஒப்பிடுவதற்கு ஒரு தெளிந்த குழாய் இல்லாமல் மோருக்குப் பொருளில்லை.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினாள். பிரசாதத்தை வாங்காதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் நடக்காது என்பது தெரியும். ஆளில்லாத நேரத்தில் நடக்கலாமா என்றால், பௌர்ணமியில் அப்படி ஒரு நேரமே கிடையாது. கண்காணிப்பாளர், வாயில் துணி கட்டிக்கொண்டு நடக்கலாமே என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆளுக்கொன்று சொல்லி ஓய்ந்த பின் ஆசிரியை, தம் பள்ளியில் பிறந்தநாள் இனிப்பைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை நினைவுகூர்ந்தார். மணியடிக்கும்வரை தின்னக் கூடாது என்றால் டப்பாவில் போட்டு மூடிக்கொள்வார்கள்; வாங்காமல் விடுவதும் இல்லை, தின்பதும் இல்லை. “வாங்கறது நம்ம கடமை மேடம். அங்கியே தின்னணும்னு எந்தச் சாமியும் சொல்லல” என்றார்.

கூடமே சிரித்தது. அவ்வளவுதான் சங்கதி. ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. வாங்கி, கண்ணில் ஒற்றி, டப்பாவில் போட்டு, இரண்டாவது ஊசிக்குப் பிறகு உண்ணலாம். அடுத்த பௌர்ணமி புரட்டாசியில் வருவதால் எல்லோர் வீட்டிலும் அசைவம் நின்றிருக்கும். எல்லோருடைய உணவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் என்று தங்கைக்கு அதில் தனி மகிழ்ச்சி.

அந்தப் பௌர்ணமியன்று அவளும் எங்களோடு நடந்தாள். தன் குருதியையும் இரண்டு முறை எடுக்கச் சொல்லியிருந்தாள். கணக்கில் சேர்ப்பதற்கு அல்ல, பொறியும் குழாயும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. எல்லோரிடமும் டப்பா இருக்கிறதா என்று ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தாள். தனக்கு எடுத்துவரவில்லை. நான் கேட்டதற்கு, எனக்கெதுக்கு, நான் எல்லாம் தெரிந்து நடப்பவள்தானே என்றாள்.

முதல் நாள் பெய்த மழையில் சாலை குளிர்ந்திருந்தது. எம லிங்கத்தில் எலுமிச்சைச் சோறு கிடைத்தது. அடி அண்ணாமலையில் கேசரி. வாயு லிங்கத்தை நெருங்குவதற்குள் டப்பாக்கள் நிறைந்துவிட்டன. கண்காணிப்பாளர் மூடியை அழுத்திப் பிடித்தபடியே நடந்தார். நீட்டியவர்களிடமெல்லாம் தங்கை கைகூப்பி நகர்ந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஆசிரியை அதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

குபேர லிங்கத்தருகே வயதான தம்பதியர் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொன்னை தீர்ந்துவிட்டது. அந்த அம்மையார் கரண்டியோடு தங்கையைப் பார்த்து, “கையக் காட்டு கண்ணு” என்றார். தங்கையின் கை நீண்டுவிட்டது. கூப்புவதற்காக எழுந்த கைதான். பாதி வழியில் விரிந்துகொண்டது. நெய் மினுங்கும் பொங்கல் ஒரு குவியலாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகுதான் விழித்து என்னைப் பார்த்தாள்.

“இப்ப தெரியுதா மேடம்?” என்றார் ஆசிரியை, மிக மெதுவாக.

டப்பாவில் இடம் கேட்டாள். எங்கள் யார் டப்பாவிலும் ஒரு முந்திரிக்குக்கூட இடமில்லை. தம்முடையதைச் சற்று அமுக்கினால் கொள்ளும் என்று கண்காணிப்பாளர் முன்வந்தார். அதற்குள் ஆசிரியை சிரிக்கத் தொடங்கிவிட்டதால் தங்கைக்கு வீம்பு வந்துவிட்டது. நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, பொங்கல் நிறைந்த கையை மார்புக்கு நேரே ஏந்திக்கொண்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் அதை ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணி வழிவிட்டார்கள். ஒரு பெண் அவளைப் பார்த்துக் கும்பிடவும் செய்தாள். நெய் விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டில் ஓடியது.

அந்த நிலையில் அவளுடைய தொலைபேசி அடித்தது. பையிலிருந்து எடுத்து அவள் காதருகே நான் பிடித்தேன். வேலூர்த் தலைவரின் குரல் எனக்கும் கேட்டது.

“என்னம்மா, இந்தத் தடவ யாராவது சாப்ட்டாங்களா?”

“இல்ல சார்.”

“நிச்சயமா?”

தங்கை தன் கையைப் பார்த்தாள். “என் கைல இருக்கு சார். வாய்க்குப் போகல.”

அவர் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் நான் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்தவர், குழாய்கள் தெளிவாக இருந்தால் படமெடுத்து அனுப்பு, இன்றைக்கே உன் பெயரைப் போட்டுத் திட்டத்தை எழுத ஆரம்பி என்றார். உண்டு நடப்பவர் ஒரு குழு, டப்பாவில் சுமப்பவர் ஒரு குழு என்று இரண்டாக எழுதச் சொன்னார்.

பரிசோதனை நிலையத்தில் தங்கைக்கு இடக்கையில் ஊசி போட்டார்கள். வலக்கை மேசைமேல் மலர்ந்து கிடந்தது. எங்களுடையதும் முடிந்தது. மற்றவர்கள் வெளியறையில் டப்பாக்களைத் திறந்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். எலுமிச்சைச் சோற்றுக்கும் கேசரிக்கும் பண்டமாற்று நடந்தது. தங்கை மட்டும் பின்னறையில், பொறி சுழன்று நிற்கும்வரை, கையில் பொங்கலோடு காத்திருந்தாள். தின்னலாமே, உனக்கும்தான் ஊசி முடிந்துவிட்டதே என்றேன். தெளிந்ததைப் பார்க்காமல் தின்ன மாட்டேன் என்றாள்.

நிலையத்துப் பெண் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சன்னலோரச் சட்டத்தில் நிறுத்தினாள். விடியலுக்குரியது மஞ்சள், முற்பகலுக்குரியதும் மஞ்சள். அடுத்தவருக்கும் அப்படி. கண்காணிப்பாளருடையதும் ஆசிரியையுடையதும் என்னுடையதும். வெயில் அவற்றின் ஊடே புகுந்து மேசையில் வரிசையாகப் பொன்னிறக் கோடுகள் போட்டது. சுவரின் விரிசல் எல்லாக் குழாய்களின் வழியாகவும் தெரிந்தது. தங்கை நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணுக்கள் தம் உணவை மாற்றிக்கொண்டனவா என்பது அன்று தெரியவில்லை. அதை அறியப் பல மாதங்கள் ஆகும்; இன்னும் மாடியில் உட்கார்ந்து அதற்கான கணக்குகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்பதற்கு வேண்டிய தெளிவு மட்டும் அன்று கிடைத்தது. அடுத்த பௌர்ணமிக்கு உண்டு நடக்கும் குழுவில் தம்மைச் சேர்க்கும்படி கண்காணிப்பாளர் வெளியறையிலிருந்தே முறைப்படி கேட்டுக்கொண்டார்.

“பெங்களூருக்கு மெசேஜ் நீயே போடுக்கா. உன் கைதான் சும்மா இருக்கு” என்றாள் தங்கை.

“இன்னானு போட?”

“வரலன்னு போடு.”

அதை நான் இரண்டு வரியில், பணிவும் நன்றியும் குறையாமல் எழுதினேன். ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். தலையசைத்தாள், அனுப்பினேன். அதன் பிறகுதான் அவள் குனிந்து, கையில் ஆறி இறுகிப் போயிருந்த சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

எனக்கும் கொஞ்சம் கேட்டேன்.

“உன் டப்பாவுல இருக்கறதத் தின்னு” என்று சொல்லிவிட்டு, முந்திரியைத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.